ஜிம்மி காலின்ஸை வாசிக்க ஒரு வாளி தண்ணீர் வேண்டும்

புது விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கும் அமெரிக்க விமானி ஜிம்மி காலின்ஸ். அவர் எழுதிய ‘டெஸ்ட் பைலட்’ புத்தகம் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் புரட்டுவது கடைசி அத்தியாயத்தைத்தான். தான் விழுந்து செத்தால் வெளியிட என்று, தன் சாவைத் தானே முன்கூட்டி எழுதிவைத்த பக்கங்கள் அவை. நானும் அங்கேதான் தொடங்கினேன். பிறகு மற்ற அத்தியாயங்களில் அவர் செய்யும் கேலி எதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனவே அந்தப் பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள்.

அடுத்தது வாளி. அவர் ‘ஜி’ என்று எழுதுவது, எடை எத்தனை மடங்காகிறது என்ற கணக்கு. அதைக் கண்ணால் படித்தால் போதாது, கை உணர வேண்டும். சின்ன வாளியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மொட்டை மாடியில் கையை நீட்டித் தலைக்கு மேலாகச் சுழற்றுங்கள். விநாடிக்கு ஒரு சுற்று. வாளி கீழே வரும்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு கனக்கும். தயங்கி மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் தலையில் கொட்டும். முப்பது வருடம் இயற்பியல் நடத்திய எனக்கே கொட்டியது.

செங்குத்தாகப் பாய்ந்து வரும் விமானத்தை நிமிர்த்தும்போது விமானிக்கு நேர்வதும் இதுதான். ஒன்பது ஜி என்றால் 70 கிலோ ஆள் 630 கிலோ கனப்பார். ரத்தம் தலையிலிருந்து கீழே இறங்கும், கண் இருட்டும். அதைத் தடுக்கும் உடை அன்று கிடையாது. இந்தக் கணக்கை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள்.

பணம் பற்றிய வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள், இந்த ஆபத்தான வேலையை அவர் ஏற்றதற்கான காரணம் அங்கே இருக்கிறது. அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். நியூயார்க் டெய்லி நியூஸில் பத்தி எழுதியவர் அவர். பத்திரிகைக்காரரின் கை என்பதால் அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருக்கும். ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம், ஒன்றோடொன்று கலந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். ஆனால் அதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1935 மார்ச் 20 அன்று, அமெரிக்கக் கடற்படைக்காக கிரம்மன் நிறுவனம் செய்த எக்ஸ்எஃப்3எஃப்-1 என்ற இரட்டை இறக்கை விமானத்தை அவர் முதல்முறையாகப் பறக்கவிட்டார். 22ஆம் தேதி, பத்தாவது பாய்ச்சலில், 8,000 அடியில் நிமிர்த்தியபோது கருவி 14 ஜி காட்டியது. விமானம் வானிலேயே உடைந்து ஒரு கல்லறைத் தோட்டத்தில் விழுந்தது. புத்தகம் அந்த வருடமே வெளிவந்தது. வலுப்படுத்திச் செய்த இரண்டாவது விமானமும் மே 9 அன்று விழுந்தது. அதன் விமானி பாராசூட்டில் குதித்துவிட்டார். ஆகஸ்டில் கடற்படை 54 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது.