சூடாகும் வரை குலுங்கும் பழைய எஞ்சின்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஜூலைக் குளிரில் என் பழைய பக்கி (பிக்கப் வண்டி) ஸ்டார்ட் ஆகிவிடும். சூடாகும் வரைதான் குலுங்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றும் முன், அதில் காற்றைக் குறைக்கும் சோக்கை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். சீரானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று புகுகிறது. மாறாக, உள்ளே தள்ளும்போது சீராகி, கறுப்புப் புகையும் குறைந்தால் பெட்ரோல் அதிகம்.

காற்று புகும் இடத்தைப் பிடிக்க, கார்புரேட்டர் அடி கேஸ்கெட், வேக்குவம் குழாய்கள் மேல் தண்ணீரை லேசாக ஸ்ப்ரே செய்யுங்கள். எங்கே அடிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ, அங்கேதான் கசிவு. (சிலர் பெட்ரோலையே தெளிப்பார்கள். வேண்டாம் சாமி!) ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் நனையக் கூடாது.

அப்புறம், கடலோர டர்பனில் ட்யூன் செய்த வண்டி சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் ரிச்சாகத்தான், அதாவது பெட்ரோல் அதிகமாகத்தான், ஓடும். அங்கே காற்று மெல்லியது.