மூக்கைப் பிடித்தால் கனவு பிடிபடும்

கனவு காணும்போதே 'இது கனவு' என்று கண்டுகொள்ள ஒரு பயிற்சி உண்டு. பகலில் ஏதாவது விசித்திரமாகப் பட்டால், இரு விரல்களால் மூக்கை இறுகப் பிடித்து, வாயையும் மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். விழித்திருந்தால் மூச்சு வராது. கனவில் பெரும்பாலும் தாராளமாக வரும். ஏனென்றால் அங்கே பிடித்திருப்பது கனவு மூக்கை, படுக்கையில் கிடக்கும் உடல் வழக்கம்போல் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. 'அட, இது கனவு' என்று அந்த நொடியில் உறைத்துவிடும். பகல் பழக்கம் கனவிலும் தலைகாட்டும் என்பதுதான் சூட்சுமம்.

கடனுக்குச் செய்தால் பலிக்காது. 'நான் விழித்திருக்கிறேனா?' என்ற சந்தேகம் உண்மையாகவே எழ வேண்டும். இல்லையென்றால் கனவிலும் மூக்கைப் பிடித்துவிட்டு, ஒன்றும் உறைக்காமல் நடையைக் கட்டிவிடுவீர்கள். கனவே நினைவில் நிற்காதவர்கள் முதலில் எழுந்தவுடன் அதை எழுதிவைக்கப் பழகலாம். நனவும் கனவும் ஏற்கெனவே குழம்புகிறவர்களுக்கு இது வேண்டாம்.