விலங்கு ஆய்வில் வந்த இதய நோய்ச் செய்தியை எடைபோடுவது எப்படி?

இதயத் தமனியில் படிந்த கொழுப்பை ஏதோ ஒரு சாறு கரைத்துவிட்டது என்றோ, ஏதோ ஓர் உணவு தமனியைத் தடிக்கச் செய்தது என்றோ செய்தி வந்தால், மருந்தையோ உணவையோ மாற்றுவதற்கு முன் அந்த ஆய்வு எந்த விலங்கில் நடந்தது என்று பாருங்கள். தலைப்பில் அது பெரும்பாலும் இருக்காது. ஆய்வுச் சுருக்கத்தின் முதல் சில வரிகளில் இருக்கும். விலங்கின் பெயரே சொல்லப்படாத செய்தியை அங்கேயே விட்டுவிடலாம்.

விலங்கு முயல் என்றால் சற்று நிதானம் தேவை. 1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கோவும் செமியோன் சலாட்டோவும் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ராலை முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் தமனிச் சுவரில் மனிதருடையதைப் போன்ற கொழுப்புப் படிவுகளை உண்டாக்கினார்கள். தாவரம் மட்டுமே தின்னும் முயலின் இயற்கை உணவில் கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இல்லை. மிகுதியாக வந்து சேர்வதை வெளியேற்றும் திறனும் அதற்குக் குறைவு. எனவே இரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு உயர்ந்துவிடுகிறது. எலியும் நாயும் இதே உணவுக்கு எளிதில் மசிவதில்லை. 1946இல் நாய்களுக்கு இந்நோயை வரவழைக்கக் கொலஸ்ட்ராலோடு தைராய்டு சுரப்பை அடக்கும் மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து இரண்டு முடிவுகளைப் பிரித்தெடுக்கப் பழகுங்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்தால் அது தமனிச் சுவருக்குள் நுழைந்து நோயை உண்டாக்கும் என்பதை முயல் காட்டிவிட்டது. ஒரு மனிதர் வாரத்துக்கு எத்தனை முட்டை சாப்பிடலாம் என்பதை அது காட்டவில்லை, காட்டவும் முடியாது. “முயல் தாவர உண்ணி, ஆகவே கொலஸ்ட்ரால் கதையே பொய்” என்று வாதிடுவோர் இரண்டாவதை மறுப்பதாக எண்ணி முதலாவதையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஜப்பானில் யோஷியோ வாட்டனாபே வளர்த்தெடுத்த முயல் இனமே பதில்: ‘கெட்ட’ கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பி பழுதுபட்டுப் பிறப்பதால், சாதாரணத் தீவனத்திலேயே அவற்றின் தமனிகள் தடித்துவிடுகின்றன. குடும்பவழி வரும் மிகைக் கொலஸ்ட்ரால் நோயில் மனிதருக்கும் அதே ஏற்பிதான் பழுதாகிறது. அதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய செய்திகளில் பெரும்பாலும் வருவது சுண்டெலி. இயல்பான சுண்டெலிக்கு இந்நோய் வருவதே அரிது, ஏனெனில் அதன் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி, ‘நல்ல’ கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். வடிவில்தான் ஓடுகிறது. ஆகவே 1992 முதல் கொலஸ்ட்ராலைக் கையாளும் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கிப் பயன்படுத்துகிறார்கள். அவற்றிலும் படிவு முக்கியமாகப் பெருந்தமனியின் அடிப்பகுதியில்தான் சேர்கிறது. இதயத் தமனிகளில் குறைவு. மனிதருக்கு மாரடைப்பு வருவது பெரும்பாலும் படிவின் மேலுறை கிழிந்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும்போதுதான்; அந்தக் கிழிதல் சுண்டெலியில் அரிதாகவே நிகழ்கிறது. எனவே “படிவின் பரப்பு குறைந்தது” என்ற வரியை “மாரடைப்பு குறைந்தது” என்று வாசித்துவிடாதீர்கள். இதயத் தமனிகளின் அமைப்பில் நமக்கு நெருக்கமானது பன்றி. நாயின் இதயத்தில் கிளைத் தமனிகளை இணைக்கும் மாற்றுவழிகள் நிறைய உண்டு. ஒரு குழாய் அடைபட்டாலும் தசை ஓரளவு பிழைத்துக்கொள்ளும். பன்றிக்கு அந்த வசதி மிகக் குறைவு.

அடுத்து மருந்தளவைப் பாருங்கள். சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தார்கள் என்றால், 60 கிலோ மனிதருக்கு 6,000 மில்லிகிராம் என்று பெருக்கக் கூடாது. உடலின் மேற்பரப்பைக் கணக்கில் கொண்டு சுண்டெலியின் அளவை 12.3ஆல் வகுப்பது வழக்கம்; அப்படிச் செய்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 8, மொத்தம் 490 மில்லிகிராம் அளவில் நிற்கும். இதுவும் ஆய்வாளர்கள் முதல் சோதனையைத் தொடங்கப் பயன்படுத்தும் தோராயக் கணக்கே. வீட்டில் அளந்து உட்கொள்வதற்கான சீட்டு அன்று.

ஒரு விலங்கில் பலிக்காததும் மனிதரிடம் பலிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். 1970களில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து பிரித்த முதல் ஸ்டாட்டின் (கல்லீரலில் கொலஸ்ட்ராலை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து), எலிகளின் இரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. எலியின் கல்லீரல், தடுக்கப்பட்ட நொதியையே மேலும் மேலும் உற்பத்தி செய்து ஈடுகட்டிவிட்டது. முட்டையிடும் கோழிகளில் அதே பொருள் கொலஸ்ட்ராலைத் தெளிவாகக் குறைத்தது. எலியோடு நிறுத்தியிருந்தால் இன்று உலகெங்கும் எழுதித்தரப்படும் மருந்துக் குடும்பம் அங்கேயே மூடப்பட்டிருக்கும். எதிர்த்திசையில் டார்செட்ராபிப் என்ற மருந்து நடந்துகொண்டது: முயல்களில் தமனிப் படிவைக் குறைத்த அம்மருந்து மனிதரிடமும் எச்.டி.எல். அளவை நன்றாகவே உயர்த்தியது. ஆயினும் அதை உட்கொண்டோரிடையே இறப்பு கூடியதால் 2006இல் பெரிய சோதனையே நிறுத்தப்பட்டது. ஓர் ஆய்வக எண் நல்ல பக்கம் நகர்ந்தது என்பதை உயிர் பிழைத்ததற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வீட்டு விலங்கு வைத்திருப்போர் மறுதிசையில் இதே தவறைச் செய்கிறார்கள். நாய்க்கு இதய நோய் என்றால் அது பெரும்பாலும் வால்வு தடித்துக் கசிவது. பூனைக்கு இதயத் தசை தடிப்பது. தமனி அடைப்பு இரண்டுக்கும் அரிது. நாய்க்கு அது வந்தால் தைராய்டு குறைபாடோ நீரிழிவோ இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் தேடுவார். ஆகவே உங்கள் கொலஸ்ட்ரால் மாத்திரையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

இத்தனையும் பார்த்த பின் செய்தி இன்னும் நிற்கிறது என்றால், அது மனிதரிடம் சோதிக்கப்பட்டதா, அங்கு மாரடைப்பும் இறப்பும் எண்ணப்பட்டனவா, ஒப்பிடுவதற்கு மருந்து பெறாத குழு இருந்ததா என்று தேடுங்கள். விடை கிடைக்கவில்லையென்றால், விலங்கின் பெயர், கொடுத்த அளவு, அளந்தது எது என்ற மூன்றையும் ஒரு தாளில் குறித்து, அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை ஸ்டாட்டினையோ ஆஸ்பிரினையோ நீங்களாக நிறுத்த வேண்டாம்.