சரிவில் நிற்கும் சில்வர் ஓக்கைப் பாதுகாப்பாகச் சாய்ப்பது எப்படி?

ஏற்காட்டிலோ தாண்டிக்குடிப் பக்கமோ காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சில்வர் ஓக் பழகின மரம். நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் நட்டது, வளர்ந்து ஒருநாள் வெட்ட வேண்டிய நிலைக்கு வந்துவிடும். சமதளத்தில் மரம் வெட்டிக் கைதேர்ந்தவர்கள்கூடச் சரிவில் நிதானிக்க வேண்டும். விழுந்த மரம் அங்கே நிற்காது, சறுக்கும், உருளும். அதனால் மரம் அறுக்கும் சங்கிலி மிஷினை (செயின்சா) முடுக்குவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

முதலில் அனுமதி

மலைப்பகுதியில் சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் அனுமதி கிடைத்த பிறகே வெட்டுங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். காபி பறிப்பு முடிந்து மண் காய்ந்திருக்கும் காலம் இதற்கு நல்லது. மழை ஊறிய சரிவிலும் காற்று வீசும் நாளிலும் வேண்டவே வேண்டாம்.

மரத்தைப் படியுங்கள்

தூக்குக்குண்டை எட்டப் பிடித்து, இரண்டு பக்கங்களிலிருந்து மரத்தின் சாய்வைப் பாருங்கள். சரிவில் வெளிச்சம் பள்ளப்பக்கத்திலிருந்து வருவதால் கிளைகளும் அந்தப் பக்கமே கனத்திருக்கும். தண்டு நேராகத் தெரிந்தாலும் பாரம் பள்ளத்தை நோக்கித்தான் இழுக்கும். நிழல் கவாத்து, அதாவது நிழல்மரக் கிளை கழிப்பு, செய்யும் அனுபவமுள்ள ஆளை வைத்து அந்தக் கிளைகளை முன்னதாகவே கழித்துவிடுங்கள். மிளகுக்கொடியையும் இறக்கிவிடுங்கள். பக்கத்து மரத்தோடு பின்னிய கொடி, விழும் மரத்தைத் திசை மாற்றி இழுத்துவிடும். மேலே தொங்கும் காய்ந்த கொப்புகளைக் கவனியுங்கள், சில்வர் ஓக் கிளை எளிதில் முறியும்.

தூர் உளுத்த மரம், அதிகம் சாய்ந்த மரம், மிஷினின் பிளேடு நீளத்தைவிடத் தடித்த மரம்: இந்த மூன்றையும் புதியவர்கள் தொடக் கூடாது. அனுபவமுள்ள மரவெட்டியை அழையுங்கள். மற்ற மரங்களிலும் முதல் சில தடவை அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எந்தப் பக்கம் சாய்ப்பது?

நேரே பள்ளத்தில் விட்டால் மரம் அதிக தூரம் விழுந்து, உடைந்து, கீழே சறுக்கி ஓடும். மேட்டை நோக்கி விட்டால் தூர் பின்னால் எகிறி வெட்டுகிறவர் மீதே வரலாம். எனவே சரிவுக்குக் குறுக்கே, அதாவது தோட்டத்தில் சமமட்டக் கோடு போகும் திசையில் சாய்ப்பதே நல்லது.

மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. பள்ளப்பக்கம் அந்தக் கணக்கும் போதாது. கீழே பாதை இருந்தால் இரு முனையிலும் ஆள் நிறுத்தி மறியுங்கள். பிறகு நீங்கள் விலகி ஓடும் வழி. விழும் திசைக்குப் பின்புறமாக, மேட்டை நோக்கிச் சாய்வாக, கல்லும் கொடியும் இல்லாமல் செதுக்கி வையுங்கள். ஒருமுறை நடந்தும் பாருங்கள்.

வெட்டு

ஹெல்மெட், முகத்திரை, காதடைப்பான், கால் பாதுகாப்பு உறை, பிடிப்புள்ள பூட்ஸ் எல்லாம் போட்டாயிற்றா? சரி. மேட்டுப்பக்கம் நில்லுங்கள்.

விழ வேண்டிய பக்கத்தில் முதலில் வாய் எடுக்க வேண்டும், அதாவது ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். குறுக்களவில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை ஆழம், ஏறத்தாழ 70 பாகை அகலம். 60 செ.மீ. மரத்துக்கு 12 முதல் 15 செ.மீ. ஆழம் வரும். வாய் குறுகலாக இருந்தால் மரம் பாதி சாயும்போதே வாய் மூடிக்கொண்டு பிடிப்பு அறுந்துவிடும். சரிவில் அது பெரிய ஆபத்து.

அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் உள்மூலைக்கு ஓர் அங்குலம் மேலே அறுங்கள். முழுவதும் அறுத்துவிடாதீர்கள். நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, 60 செ.மீ. மரத்தில் 6 செ.மீ., வெட்டாத கீற்றாக நிற்க வேண்டும். அதுதான் கதவின் கீல் போல மரத்தைத் திருப்பி இறக்குகிறது. அதை அறுத்துவிட்டால் மரம் எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

மிஷின் உள்ளே போனதும் பின்னால் பிளாஸ்டிக் ஆப்பு அடியுங்கள். இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் தெறிக்கும். பிளேடின் நுனி எதிலும் இடிக்காமல் பாருங்கள், இடித்தால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும். கயிறு கட்டி இழுப்பதானால் ஆட்கள் மரம் விழும் இடத்தில் நிற்கக் கூடாது. வேறொரு தூரில் கப்பி மாட்டிப் பக்கவாட்டிலிருந்து இழுக்கலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

மரம் அசையத் தொடங்கியதும் மிஷினை அணைத்துவிட்டு, செதுக்கிய வழியில் விலகுங்கள்.

விழுந்த பிறகு

அடுத்த மரத்தில் சிக்கித் தொங்கினால் அடியில் போகாதீர்கள். தாங்கும் மரத்தை வெட்டுவது உயிருக்கே ஆபத்து. அந்த இடத்தை மறித்துவிட்டு வின்ச்சும் (கம்பிவடம் சுற்றி இழுக்கும் கருவி) அனுபவமும் உள்ளவர்களை வரச் சொல்லுங்கள்.

ஒழுங்காக விழுந்திருந்தால் மேலே முறிந்த கொப்பு எதுவும் தொங்கவில்லை என்று பார்த்த பிறகு கிட்டே போகலாம். கிளை கழிக்கும் முன் பள்ளப்பக்கம் முளையடித்துத் தண்டை நிறுத்துங்கள். தண்டைத் தாங்கி நிற்கும் கிளையைக் கடைசியில் வெட்டுங்கள். எப்போதும் மேட்டுப்பக்கமே உங்கள் இடம்.

அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம். வேர் மட்கும் வரை சரிவு மண்ணைப் பிடித்திருக்கும். அதற்குள் பக்கத்திலேயே ஒரு பலாக் கன்றோ நாவல் கன்றோ வைத்துவிடுங்கள்.