வேர்டில் புக்மார்க்: வைப்பதும் தொலையாமல் காப்பதும்

நீளமான ஆவணத்தில் அடிக்கடி திரும்ப வேண்டிய இடத்துக்குப் புக்மார்க் வையுங்கள். வார்த்தைகளைத் தேர்வு செய்து, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்5 அழுத்திப் பெயர் தட்டி, ‘ஆட்’ கொடுத்தால் போதும். பெயர் எழுத்தில் தொடங்க வேண்டும். நடுவே இடைவெளி கூடாது, அடிக்கோடு போடலாம். 40 எழுத்துக்கு மேல் ஏற்காது. இருக்கிற பெயரையே மறுபடி கொடுத்தால், பழைய புக்மார்க் சத்தமில்லாமல் புது இடத்துக்கு நகர்ந்துவிடும். அங்கே போக கன்ட்ரோல் + ஜி.

புக்மார்க் இயல்பாகக் கண்ணுக்குத் தெரியாது, தொல்லையே அதுதான். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ‘ஷோ புக்மார்க்ஸ்’ டிக் செய்யுங்கள். வார்த்தைகளின் இருபுறமும் சதுர அடைப்புக்குறி தெரியும். திருத்தும்போது அந்தக் குறிகளுக்குள் தட்டினால் புதிய சொல்லும் உள்ளே சேரும். மூடும் குறிக்குப் பின்னால் தட்டினால் சேராது. மொத்தத்தையும் தேர்வு செய்து மேலே எழுதினாலோ புக்மார்க்கே அழிந்துவிடும்.

அதை நம்பியிருந்த கிராஸ் ரெஃபரன்ஸ் (புக்மார்க் வைத்த இடத்தை ஆவணத்தின் வேறு இடத்திலிருந்து சுட்டும் குறிப்பு) உடனே காட்டிக்கொடுக்காது. அடுத்து எஃப்9 அழுத்திப் புதுப்பிக்கும்போதுதான் பிழைச் செய்தி வரும். ஆகவே அச்சுக்கு அனுப்புமுன் கன்ட்ரோல் + ஏ, பிறகு எஃப்9. பிழை வந்தால் அதே பெயரில் புக்மார்க்கை மறுபடி வைத்து, மீண்டும் எஃப்9 அழுத்துங்கள்.