கப்பலுக்குப் பாட்டில் கொண்டுபோகிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

சிங்கப்பூரிலிருந்து எங்கள் உல்லாசக் கப்பல் கிளம்பி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் மூன்று கேபின்களுக்கும் பெட்டிகள் வந்துவிட்டன, மச்சானின் நீலப் பெட்டியைத் தவிர. அக்காவின் பிரஷர் மாத்திரையும் குழந்தையின் ராத்திரி உடுப்பும் அதற்குள்தான். கேபினைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் கேட்டால், "கீழ் டெக்கில் செக்யூரிட்டியிடம் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் சார்" என்று சிரிக்கிறான். சிரித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

கீழே போனால் சுவரோரமாக முப்பது நாற்பது பெட்டிகள். முன்னால் ஒரு மேசை, அதில் ஒரு ரிஜிஸ்டர். எங்களுக்கு முன் நின்றவர் இஸ்திரிப்பெட்டியைப் பறிகொடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் பெட்டியைத் திறந்தார். கைலியில் சுற்றி, அதை இரண்டு டர்க்கி டவலுக்கு நடுவில் செருகி, மேலே சாமி படத்தையும் வைத்திருந்தார். உள்ளே ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய விஸ்கி, ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு. எக்ஸ்ரேக்குக் கைலியும் தெரியாது, சாமியும் தெரியாது. பாட்டில் மட்டும் பளிச்சென்று தெரியும். கேபின் நம்பர் எழுதிய அட்டையைப் பாட்டில்களின் கழுத்தில் கட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடைசி நாள் தருவதாகச் சொல்லி அலமாரியில் வைத்தார்கள். தந்தது எங்கள் அதிர்ஷ்டம். பல கம்பெனிகளில் ஏறும்போது பிடிபட்ட சரக்கு நேரே குப்பைக்குத்தான் போகும். அடிக்கடி கப்பலில் போகிறவர்கள் இந்த அறைக்குக் கேலியாக 'நாட்டி ரூம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

மச்சான் செய்தது ஒரு தப்பு இல்லை, மூன்று. கொண்டுபோகக் கூடாத சரக்கு, போடக் கூடாத பெட்டி, கேட்காமலே எடுத்த முடிவு. கப்பலுக்குக் குடிக்க ஏதாவது எடுத்துப்போவது அப்படியொன்றும் குற்றமில்லை. என்ன பாட்டில், எந்தப் பையில், எந்த நாளில், மூடி உடையாமல் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எல்லாக் கப்பலும் ஒன்று என்று நினைப்பது

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டிலியா கம்பெனியின் உல்லாசக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு, 'நான் கப்பலில் போயிருக்கிறேன்' என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு அபார்ட்மென்ட்டிலும் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு வேறு கம்பெனிக் கப்பலுக்குப் பெட்டி கட்டுவதுதான் முதல் சறுக்கல். விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி அவ்வளவு மாறுகின்றன.

ராயல் கரீபியனில், குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவரும் ஏறும் நாளில் 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொண்டுவரலாம். பீரும் விஸ்கி, ரம் வகைகளும் கூடாது. ஜூஸ், கோலா, தண்ணீர் என்றால் ஒரு கேபினுக்கு 12, ஒவ்வொன்றும் அரை லிட்டருக்குள். கார்னிவலிலும் 21 வயதானவருக்கு ஒரு ஒயின் பாட்டில்தான். ஆனால் குளிர்பானம் கேபினுக்கு இல்லை, தலைக்கு 12. அதுவும் கேனாகவோ அட்டைப் பெட்டியாகவோ இருக்க வேண்டும். பிளாஸ்டிக், கண்ணாடி பாட்டில்களில் வந்த தண்ணீரையும் சோடாவையும் 2015 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். நார்வீஜியன் இன்னும் கறார்: கோலாவும் தண்ணீரும் கிடையவே கிடையாது, குழந்தைப் பால், மூச்சுக் கருவிக்கு ஊற்றும் சுத்திகரித்த நீர் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. ஒயின் கொண்டுவரலாம், ஆனால் 750 மில்லி பாட்டிலுக்கு 15 டாலர் வைக்க வேண்டும், கேபினுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தாலும். டிஸ்னியோ பிள்ளைகளின் கப்பல் என்று பெயர் எடுத்தது, அங்கேதான் தாராளம்: 21 வயதானவர் இரண்டு ஒயின் பாட்டிலோ ஆறு பீரோ கொண்டுவரலாம், வழியில் ஒவ்வொரு துறைமுகத்திலும் அதே அளவு மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

இவை நான் எழுதும்போது உள்ள விதிகள். கிளம்புவதற்கு முதல் வாரம் கம்பெனியின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருஷம் போனவரின் வாய்மொழி செல்லாது.

வயதுக் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும். ராயல் கரீபியனில் அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21, ஆசியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கிளம்பினால் 18. அதே கம்பெனி, அதே பையன். சிங்கப்பூரில் கொண்டுவந்த பாட்டிலை மயாமியில் கொண்டுவர முடியாது.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்டால் பதில் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பெரிய கப்பல் கம்பெனிகளின் வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட் போக, கப்பலுக்குள் நாம் செலவழிப்பதிலிருந்து வருகிறது. அதில் பாரும் கசினோவும் பெரிய ஆட்கள். டிக்கெட் மலிவாகக் கிடைப்பதே அதனால்தான். அளவு மீறுகிறவர்களைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது என்று பாதுகாப்புக் காரணமும் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை, நடுக்கடலில் ரகளை செய்பவரை எங்கே இறக்கிவிடுவது?

லக்கேஜில் போட்டு அனுப்புவது

அனுமதி உள்ள பாட்டிலையே தப்பான பையில் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். விமானப் பழக்கம் நமக்கு ஊறிப்போய்விட்டது. அங்கே திரவம் என்றால் பெரிய பெட்டியில் போடு, கையில் எடுக்காதே. கப்பலில் அப்படியே நேர்மாறு. ஒயினோ கேனோ கைப்பையில், உங்கள் தோளில்தான் வர வேண்டும். துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டியில் இருந்தால் அந்தப் பெட்டி ஓரம் கட்டப்படும், துணிமணி, மாத்திரையோடு சேர்த்து. உடையாத சீல், கடையிலிருந்து வந்தபடியே லேபிள், இரண்டும் இருக்க வேண்டும். 'ஒரு வாய் பார்த்தேன் சார், நல்ல ஒயின்' என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ விமானம் ஏறி அதே நாள் கப்பலும் பிடிப்பவர்கள் இடையில் பாட்டிலைக் கைமாற்ற மறந்துவிடுகிறார்கள். விமானத்துக்குப் பெரிய பெட்டி, கப்பல் வாசலில் கைப்பை. டாக்ஸியிலிருந்து இறங்கியதும் நடைபாதையிலேயே பெட்டியைத் திறந்து மாற்றிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மவுத்வாஷ் மேதைகள்

ரம்மை ஷாம்பூ பாட்டிலில் ஊற்றுவது, ஓட்காவில் பச்சைச் சாயம் கலந்து மவுத்வாஷ் ஆக்குவது, தண்ணீர் பாட்டிலின் மூடியைச் சூடுகாட்டித் திரும்ப ஒட்டுவது, இதற்கென்றே விற்கும் மடக்குப் பைகள் என்று ஒரு தனிக்கலையே உண்டு. கார்னிவல் தண்ணீர் பாட்டிலை நிறுத்தியதே இந்த மேதைகளால்தான். பாட்டில்களைச் சோதித்துப் பார்ப்பதிலேயே வரிசை நீண்டுகொண்டே போனது. சிலர் தப்பிவிடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மது விதியை மீறுகிறவரை வழியில் இறக்கிவிடும் உரிமையைக் கம்பெனிகள் டிக்கெட் ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு குவார்ட்டருக்காக அந்நிய ஊரில் பெட்டியோடு நிற்பது கட்டுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கின் கதை போகட்டும், ஷாம்பூ வாடையோடு அதை எப்படிக் குடிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் அரிஷ்டம் கொண்டுவருவார்கள். தசமூலாரிஷ்டத்தின் லேபிளைப் படித்துப் பாருங்கள், தானாக உண்டாகும் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். வைத்தியர் சீட்டோடு, பிரிக்காத பாட்டிலாக வையுங்கள். அதைச் சின்ன பாட்டிலில் மாற்றி ஊற்றினால் பார்ப்பவருக்கு அது மருந்தில்லை.

துறைமுகத்தில் வாங்கும் பாட்டில்

இங்கேதான் நம் ஆட்கள் பணத்தையும் விடுகிறார்கள். மலேசியாவின் லங்காவி டியூட்டி ஃப்ரீ தீவு, சாக்லேட்டும் சரக்கும் அங்கே மலிவு. கப்பல் நிற்கும் ஆறு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் கடையில் போய்விடும். பாட்டிலோடு திரும்பினால் கப்பல் வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடைசி நாள்தான் தருவார்கள். கப்பலுக்குள் இருக்கும் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். அது வீட்டுக்குக் கொண்டுபோக, கேபினில் உடைக்க அல்ல.

சரி, வீட்டுக்குத்தானே என்கிறீர்கள். சிங்கப்பூரில் இறங்கும்போது சுங்கத்தின் நிபந்தனைகளைப் பாருங்கள். மதுவுக்கு வரிச்சலுகை வேண்டுமானால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து வந்திருக்கக் கூடாது. லங்காவியோ, மலேசியாவிலேயே உள்ள பினாங்கோ கிள்ளானோ கடைசித் துறைமுகமாக இருந்தால் மூன்றாவது நிபந்தனையில் அடிபடுகிறீர்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலுக்கு டியூட்டி! விஸ்கி வகைக்குச் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 88 சிங்கப்பூர் டாலர். 40 சதவீத விஸ்கி ஒரு லிட்டர் என்றால் 35 டாலர் 20 காசு, அதற்கு மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. லங்காவியில் மிச்சம் பிடித்தது இங்கே போய்விடும்.

இன்னொரு கண்ணி கடைசி ராத்திரியில் இருக்கிறது. பெரிய பெட்டிகளைக் கட்டி கேபின் வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், அவை முன்னாலேயே கீழே போய்விடும். பாட்டில் உங்கள் கைக்கு வருவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே ஏர்போர்ட் போனால், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி காத்திருக்கும். மச்சான் பாட்டிலில் ஒன்றைச் செக்-இன் பெட்டிக்குள் தள்ளிவிட்டார், இன்னொன்றைக் கைப்பையிலேயே மறந்துவிட்டார். அந்த லிட்டர் பாதுகாப்புச் சோதனையிலேயே நின்றுவிட்டது. 24 முதல் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ளது என்றால் ஒருவருக்கு 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் போகலாம், 70க்கு மேல் எதிலும் போகாது. இந்தியச் சுங்கம் வரியில்லாமல் விடுவது தலைக்கு 2 லிட்டர்.

டைனிங் ஹாலுக்குத் தூக்கிப்போவது

கல்யாண நாளுக்கு என்று ஒரு ஒயின் கொண்டுபோய், ஆசையாக டின்னருக்கு எடுத்துப்போவார்கள். அங்கே 'கார்க்கேஜ்' என்று ஒரு கட்டணம் விழும். கார்னிவலில் 15 டாலர், டிஸ்னியில் அதைவிட அதிகம். பால்கனியில் உட்கார்ந்து குடித்தால் இந்த இரண்டிலும் அது இல்லை. திருகுமூடி போட்ட ஒயினாக வாங்கிக்கொள்ளுங்கள், கார்க் திறப்பான் தேடி அலைய வேண்டாம்.

குடிப்பதற்கெல்லாம் சேர்த்து மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜ் வாங்கிவிடலாம் என்று தோன்றும். ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும் மது பேக்கேஜை ஒரே கேபினில் உள்ள பெரியவர் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும். மாமா ரெண்டு பெக் போடுவார், அத்தை மோர்கூட யோசித்துத்தான் குடிப்பார் என்றால், அத்தைக்கும் சேர்த்துத்தான் பில்.

தண்ணீர் சுமப்பது

கப்பல் தண்ணீர் கடல் தண்ணீர்தானே என்ற பயத்தில் ஒரு கேஸ் மினரல் வாட்டரைத் தள்ளிக்கொண்டு வரும் குடும்பங்களை எல்லாப் பயணத்திலும் பார்க்கிறேன். கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கியோ ஆர்.ஓ. முறையிலோ உப்பெடுத்து, தாதுக்கள் சேர்த்து, குளோரின் போட்டுத்தான் குழாயில் விடுகிறார்கள். தாராளமாகக் குடிக்கலாம். லேசாகக் குளோரின் வாடை வரும், அவ்வளவே. காலியான எவர்சில்வர் பாட்டில் தலைக்கு ஒன்று எடுத்துப்போங்கள், பஃபேயில் நிரப்பிக்கொண்டு கரையில் சுற்றலாம். பஃபேயில் தண்ணீர், டீ, சாதாரணக் காபி, காலை ஜூஸ் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம்.

காபி என்றதும் எங்கள் அம்மா. டிகாஷனை வீட்டிலேயே இறக்கி ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவேன் என்றார். வீட்டில் நிரப்பிய திரவம், சீல் இல்லை, கறுப்பாக வேறு இருக்கிறது. வாசலில் யார் நம்புவார்கள்? எலக்ட்ரிக் கெட்டில் என்றார். சூடாகும் கம்பி உள்ள எதையும் தீ பயத்தால் பல கப்பல்களில் ஏற்றவிடுவதில்லை. கடைசியில் கால் கிலோ பொடியும் பித்தளை ஃபில்டரும் மட்டும் வந்தன. பொடி திரவமில்லை, ஃபில்டருக்குப் பிளக் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பஃபேயின் வெந்நீர்க் குழாயடியில் அம்மா டிகாஷன் இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையிலிருந்து ஒரு கோயமுத்தூர்க்காரர் எழுந்து வந்து, "ஏனுங்கம்மா, ரெண்டாவது டிகாஷன் இருக்குமுங்களா?" என்றார்.