காதிரைச்சலும் மூளை ஸ்கேனும்: படம் பார்த்து ஏமாறும் இடங்கள்

வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது காதுக்குள் ‘உய்ங்’ என்றோ, விசில் போலவோ, சில்வண்டு கத்துவது போலவோ ஓயாமல் கேட்பதைக் காதிரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் டின்னிடஸ் என்பார்கள். 2022-இல் ‘ஜாமா நியூராலஜி’ இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வின் கணக்குப்படி, உலகில் வயதுவந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேர், அதாவது 74 கோடிக்கும் மேற்பட்டோர், இதை அனுபவித்திருக்கிறார்கள். 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது பெரிய தொல்லை. இதற்கென்று நிச்சயமாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. அதனால் ‘காதிரைச்சல் மூளையில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று வண்ணப் படத்தோடு ஒரு செய்தி வந்தால், அவதிப்படுகிறவர் அதை விடாமல் பிடித்துக்கொள்வது இயல்பு. அந்தப் படத்தைத் தப்பாகப் படித்தால்தான் வீண் செலவும் வீண் மனக்கஷ்டமும்.

முதல் தவறு, மருத்துவமனை ஸ்கேனையும் ஆராய்ச்சி ஸ்கேனையும் ஒன்றாக நினைப்பது. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது, கேட்கும் நரம்பை ஒட்டி மெதுவாக வளரும் கட்டி ஏதும் இருக்கிறதா, ரத்தக்குழாயில் கோளாறு உண்டா என்று பார்க்கத்தான். காதிரைச்சலை அதில் படமாகப் பார்க்க முடியாது. ஆகவே ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வந்தால், பயப்படும்படியான கட்டி எதுவும் இல்லை என்று பொருள். சத்தம் கேட்பது பொய் என்று பொருள் இல்லை. “ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லையாம், நீயா எதையோ நினைச்சுக்கிற” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

யாருக்கு ஸ்கேன் தேவை என்பதிலும் குழப்பம் உண்டு. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் கழகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. இரைச்சல் ஒரு காதில் மட்டும் கேட்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து ‘டப் டப்’ என்று கேட்பது, இரண்டு காதுகளின் கேட்கும் திறனுக்கும் இடையே வித்தியாசம் இருப்பது, முகம் கோணுவது போன்ற நரம்புக் குறைபாடு தெரிவது, இப்படி ஏதாவது இருந்தால்தான் ஸ்கேன், மற்றவர்களுக்கு வேண்டாம். இந்த அறிகுறிகள் இருந்தால் தள்ளிப்போடவும் கூடாது.

சரி, இனி ஆராய்ச்சிப் படங்களுக்கு வருவோம். இங்கேதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு நடக்கிறது. காதிரைச்சல் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குக் கேட்கும் திறனும் ஓரளவு குறைந்திருக்கும். பலர் வயதானவர்கள், நிறையப் பேருக்குத் தூக்கமின்மையும் மனச்சோர்வும் கூடவே இருக்கும். அவர்களை அழைத்துவந்து, நன்றாகக் காது கேட்கிற ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டு, ‘இதோ வித்தியாசம், இதுதான் காதிரைச்சல்’ என்று சொன்னால் எப்படி? அந்த வித்தியாசம் காது மந்தத்தால் வந்திருக்கலாம், வயதால் வந்திருக்கலாம், கவலையால் வந்திருக்கலாம். ஒரே குடத்தில் மூன்று கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, எது எந்தக் கிணறு என்று கேட்கிற கதைதான்.

இதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபாத்திமா ஹுசைன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழுக்களை வைத்தார்கள்: காது மந்தமும் இரைச்சலும் சேர்ந்து உள்ளவர்கள், காது மந்தம் மட்டும் உள்ளவர்கள், இரண்டுமே இல்லாதவர்கள். மூளையின் சாம்பல் நிறப் பகுதியிலும் வெண்ணிற நரம்பிழைகளிலும் தெரிந்த மாற்றங்களுக்கு இரைச்சலைவிடக் காது மந்தமே பெரிய காரணமாக இருந்தது. நடுவில் அந்த ‘காது மந்தம் மட்டும்’ குழு இல்லாமல் போயிருந்தால், எல்லாப் பழியும் காதிரைச்சல் மேல் விழுந்திருக்கும். ஒரு ஆய்வுச் செய்தி கண்ணில் பட்டால் நான் முதலில் தேடுவது இந்த நடுக்குழுவைத்தான். அது இல்லையென்றால் முடிவைச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

காது மந்தம் லேசுப்பட்டது இல்லை. அமெரிக்காவில் பால்டிமோரில் நடக்கும் முதுமை பற்றிய நீண்டகால ஆய்வில் 126 பேரைச் சராசரியாக 6.4 ஆண்டுகள் தொடர்ந்து ஸ்கேன் செய்து, ஃபிராங்க் லின் குழுவினர் 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு மூளையின் மொத்த அளவும், குறிப்பாக காதுக்கு மேலே உள்ள வலப்பக்க டெம்போரல் பகுதியும் வேகமாகச் சுருங்கியிருந்தன. இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமலே இவ்வளவு மாற்றம் தெரிகிறது என்றால், அதைக் கழிக்காமல் கணக்குப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

சில ஆய்வாளர்கள், கேட்கும் திறன் சரியாக இருக்கும் காதிரைச்சல்காரர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் ‘சரியாக இருக்கிறது’ என்பது எந்தச் சோதனையை வைத்து? ஆடியோகிராம் என்ற வழக்கமான கேட்கும் திறன் சோதனை 8,000 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கிறது. இளம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அது போக, ரோலண்ட் ஷேட்டேயும் டேவிட் மக்கால்பைனும் 2011-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஆடியோகிராம் சரியாக இருந்தும் இரைச்சல் உள்ளவர்களிடம், ஒலி கேட்டவுடன் கேட்கும் நரம்பிலிருந்து எழும் முதல் மின் அலை சிறியதாக இருந்தது. சோதனையில் சிக்காத பழுது நரம்பில் இருக்கலாம் என்பதற்கான தடயம் அது.

இதே மாதிரி மறைந்திருந்து குழப்பும் இன்னொன்று, சாதாரணச் சத்தத்தையே தாங்க முடியாத நிலை. பாத்திரம் விழுந்தால், குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வார்களே, அது. காதிரைச்சலோடு அடிக்கடி சேர்ந்து வரும். நடுமூளையில் உள்ள இன்ஃபீரியர் கொலிகுலஸ் என்ற ஒலி நிலையம் சத்தத்துக்கு அளவு மீறித் துடிப்பதைக் காதிரைச்சலின் அடையாளமாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனில் ஜெனிஃபர் மெல்ச்சர் குழுவினர் 2010-இல், ஆடியோகிராம் சரியாக உள்ளவர்களை வைத்து இரண்டையும் தனித்தனியே அளந்தார்கள். அந்த நிலையத்திலும், அங்கிருந்து வரும் ஒலித் தகவலை மேலே அனுப்பும் தலாமஸிலும் தெரிந்த அதிகத் துடிப்பு சத்தம் தாங்காமையோடுதான் ஒத்துப்போனது. மூளையின் மேற்பரப்பில் உள்ள ஒலிப் புறணியில் மட்டுமே இரைச்சலுக்கும் பங்கு தெரிந்தது.

ஒரே ஆய்வை நம்பி முடிவுக்கு வருவதும் தவறுதான். 2006-இல் ம்யூனிக்கில் மார்க் ம்யூலாவ் குழுவினர் 28 நோயாளிகளையும் இரைச்சல் இல்லாத 28 பேரையும் ஒப்பிட்டு, மூளையின் முன்பக்க அடிப்பகுதியில் சாம்பல் நிறப் பகுதி குறைந்திருப்பதாகவும் தலாமஸில் கூடியிருப்பதாகவும் சொன்னார்கள். 2009-இல் ரீகன்ஸ்பர்க்கில் மிகாயேல் லாண்ட்கிரேபே குழுவினர் அதே 28-க்கு 28 என்ற கணக்கில் பார்த்தபோது அந்த இரண்டுமே தெரியவில்லை. நினைவாற்றலோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸிலும் இன்ஃபீரியர் கொலிகுலஸிலும் குறைவு தெரிந்தது. இரண்டு குழுவும் கவனமாக வேலை செய்தவர்கள்தான். 28 பேரை வைத்து இத்தனை நுணுக்கமான மாற்றத்தைத் தேடினால் இப்படி ஆகும்.

அப்புறம் ஸ்கேனர் போடும் சத்தம். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்தவர்களுக்குத் தெரியும்: காதில் அடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன், அதையும் தாண்டி ‘டக் டக் டக்’ என்று தலையைச் சுற்றி அடிக்கும். வேகமாகப் படமெடுக்கும்போது 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அந்த ஓசையில் சிலருக்குச் சொந்த இரைச்சல் அமுங்கிப்போகிறது, சிலருக்குக் கூடிவிடுகிறது. ‘ஓய்வு நிலையில் எடுத்த படம்’ என்று ஆய்வில் எழுதியிருந்தாலும், ஒலி மண்டலத்துக்கு அங்கே ஓய்வே இல்லை. மூளை வேலை செய்வதை இந்த ஸ்கேன் ரத்த ஓட்ட மாற்றத்தை வைத்துத்தான் கணிக்கிறது; அந்த மாற்றம் உச்சத்துக்கு வரச் சில வினாடிகள் ஆகும் என்பதைப் பயன்படுத்தி, இடைவெளி விட்டு விட்டுப் படமெடுக்கும் முறை உண்டு. அதைக் கையாண்டார்களா என்று பார்ப்பது நல்லது.

இந்தச் சிக்கல்களைச் சுற்றிப்போன ஒரு பழைய ஆய்வை எனக்கு மிகவும் பிடிக்கும். தாடையையும் முகத்தையும் அசைத்தால் தங்கள் இரைச்சல் கூடவோ குறையவோ செய்கிற நான்கு பேரைக் கண்டுபிடித்து, ஆலன் லாக்வுட் குழுவினர் 1998-இல் பி.இ.டி. ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி மூளையின் வேலையைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தார்கள். அதே ஆள், அதே காது மந்தம், அதே வயது. மாறியது இரைச்சலின் அளவு மட்டும். இந்தச் சத்தம் காதுக்குள்ளேயே பிறக்கவில்லை, மூளையின் ஒலிப் பாதையில் உருவாகிறது என்ற கருத்துக்கு அது வலுவான ஆதாரமாக இருந்தது. நான்கே பேர்தான், ஆனாலும் கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள்.

சிவப்பும் மஞ்சளுமாக மின்னும் இடத்தை ‘நோய் இருக்கும் இடம்’ என்று படிப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அந்த நிறம் கணினி பூசியது. பலருடைய சராசரிக்கும் சராசரிக்கும் இடையே புள்ளியியல் ரீதியாகத் தெரிந்த வித்தியாசம். அதனால் ஆய்வில் படித்ததைத் தன் ஸ்கேனில் தேடுவதும், ‘என் காதிரைச்சலை உறுதிசெய்ய’ என்று பணம் கட்டி, மூளை வேலை செய்வதைக் காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போவதும் பயன் தராது. தனி ஒருவருடைய படத்தை வைத்து இவருக்கு இரைச்சல் உண்டு, இல்லை என்று சொல்லும் நிலைக்கு இந்தத் துறை வரவில்லை. இரண்டு காதுக்கும் முறையான ஆடியோகிராம், சத்தம் தாங்குமா என்ற சோதனை, இரைச்சல் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று 25 கேள்விகளில் அளக்கும் வினாத்தாள், இவற்றை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். மருத்துவரே ஸ்கேன் வேண்டும் என்று சொல்லி, காதில் காக்ளியர் இம்பிளான்ட் (கேட்க உதவ அறுவை செய்து பொருத்தும் கருவி) பொருத்தியவராக இருந்தால், அதற்குள் காந்தம் இருப்பதை டேட் வாங்கும்போதே சொல்லி, சாதனத்தின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.